மரம் நடுவதும் மரம் வளர்ப்பதும்

சென்னை மாநகரில் ஆண்டுதோறும் தவறாமல் நடந்தேறும் வைபவங்களுள் மரம் நடு விழாவும் ஒன்று. ஜூன் மாதம் 5-ந் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினம். அன்று காலையில் பந்தல் போடப்படுகிறது, கனவான்கள் வருகிறார்கள், கன்று குழியில் இறக்கப்படுகிறது, குடத்து நீர் வார்க்கப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது. கரகோஷத்துடன் விழா இனிது முடிகிறது. ஆடி பிறப்பதற்குள் கன்றும் சருகாகி முடிந்துவிடுகிறது. அடுத்த வருஷம் அதே குழிக்கு வேறொரு கன்று வருகிறது. வேறொரு கனவானும் வருகிறார்.

இது மிகைப்படுத்திய கூற்றன்று. சாந்தோமில் நாம் காலைதோறும் உலாவச் செல்லும் சிறு பூங்கா ஒன்றில் இதை நமது கண்ணாலேயே கண்டோம். பூங்காவின் பெயரை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை. நகரில் எந்தப் பூங்காவின் பெயரை இட்டாலும் பெரும்பாலும் பொருந்தும். ஒரே குழியில் மூன்று வருஷங்களில் மூன்று கன்றுகள் மாண்டன. மூன்றாவது கன்று வாடி நின்ற தினத்தில் அங்கே வேலை செய்யும் முதியவரிடம், "குழியில் ஏதேனும் கோளாறோ?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "குழி நல்ல குழிதான், ஐயா. நடுற நாள்தான் சரியில்லை" என்றார்.

எத்தனையோ நிபுணர் கூட்டங்களில் நாம் கேட்டறியாத உண்மை ஒன்றை அம்முதியவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவ்வாக்கியத்திற்கு ஒரு விரிவுரை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரம் என்பது பொழுதுபோக்கு விஷயமன்று. 2003-ம் ஆண்டு மே மாதக் கடைசியில் சென்னையில் வெயில் 45 டிகிரியை எட்டியது. அக்கினி நட்சத்திரத்தில் செல்வர் வீட்டில் குளிர்சாதன யந்திரம் ஓடுகிறது. பட்டினப்பாக்கத்திலும் நொச்சிக்குப்பத்திலும் தலையில் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களுக்கு அந்த யந்திரம் யாது? ஆட்டோ ஓட்டுவோருக்கும், வீதியைப் பெருக்குவோருக்கும், வீடு வீடாகச் சாமான் கொண்டு கொடுக்கும் வாலிபருக்கும் அது யாது? சாலையோரத்துப் பூவரசும் பூங்காவின் வேம்புமே அவர்களுக்குள்ள குளிர்சாதனம். ஆகையால் நிழல் ஏழை ஜனங்களின் உரிமை. அதைக் காப்பது தர்மமென்று மாத்திரம் நாம் சொல்லவில்லை. அது அரசியல் கடமையுமாகும் என்றே சொல்லுகிறோம்.

மழைக் கணக்கு

"சென்னையை வறண்ட ஊர் என்று எப்படிச் சொல்லலாம்? வருஷத்திற்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறதே!" என்று சிலர் ஆக்ஷேபிக்கக்கூடும். கணக்கு மெய்தான். லண்டன் மாநகருக்கு வருஷத்தில் கிடைப்பது ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். நமக்குக் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. ஆயினும் லண்டன் பூங்காக்கள் பச்சைப்பசேலென்று விளங்குகின்றன. நம்முடையவை பங்குனி பிறந்ததும் பழுக்கக் காய்கின்றன. காரணம் என்ன?

லண்டனில் மழை மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தூறுகிறது. சென்னையிலோ வருஷ மழையில் சுமார் 100-க்கு 60 பங்கு வடகிழக்குப் பருவக் காற்றைச் சேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை முதல் வைகாசி வரையில் வானம் பெரும்பாலும் கைவிரித்துவிடும். சம்பளத்தை முதல் தேதியில் மொத்தமாகப் பெற்றுச் செலவிட்டுவிட்டு எஞ்சிய நாட்களைக் கடனில் ஓட்டும் குடும்பஸ்தனின் நிலைமை எதுவோ, அதுவே சென்னைச் செடியின் நிலைமை. வருஷக் கூட்டுத்தொகையைப் பார்ப்பவனுக்கு இது ஈரமான ஊர். வேரின் பார்வையில் இது வறண்ட ஊர்.

இதற்குச் சான்று தேடிப் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. 2015-ம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரை புரண்டு நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நான்கு வருஷங்கள் கழிவதற்குள், 2019-ம் ஆண்டுக் கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் வறண்டு போயின; ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் வந்தது. மனிதனுக்கே ரயிலில் தண்ணீர் வந்த காலத்தில் மரத்திற்கு யார் தண்ணீர் கொடுப்பார்? அவ்வருஷம் பூங்காக்களில் வாடியவை எல்லாம் அவ்வருஷமே சாகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வறட்சியில் மரம் முதலில் இலையை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அதே சமயத்தில் நீரை உறிஞ்சும் நுண்ணிய வேர்கள் மண்ணுக்குள் மடிகின்றன. அதன்பின் உச்சிக் கிளைகள் பட்டுப்போகின்றன. வலுவிழந்த மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் பற்றுகின்றன. இரண்டு மூன்று வருஷங்கள் சென்ற பிறகு ஒரு காற்றில் அது சாய்கிறது. நாம் காற்றைப் பழிக்கிறோம். பழி சேர வேண்டிய இடம் வேறு.

நடும் காலம்

இனி, முதியவர் சொன்ன 'நாள்' விஷயத்திற்கு வருவோம். பாரத தேசத்தில் வனமகோற்சவம் என்னும் இயக்கத்தை 1950-ம் ஆண்டில் அப்போதைய உணவு, விவசாய மந்திரி ஸ்ரீ கே. எம். முன்ஷி தொடங்கி வைத்தார். ஜூலை மாத முதல் வாரம் அதற்கென வகுக்கப்பட்டது. உத்தமமான நோக்கம், வடநாட்டிற்கும் மேற்குக் கரைக்கும் உத்தமமான காலமுமாகும். அங்கே அப்பொழுது தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்கும். நடப்பட்ட கன்றுக்கு மூன்று மாத மழை உறுதி.

சோழ மண்டலக் கரையிலோ கதையே வேறு. ஜூலையில் இங்கே அவ்வப்போது மாலையில் இடியுடன் சிறிது மழை பெய்வதுண்டு. அதை நம்பிக் கன்றை ஒப்படைக்க முடியாது. ஜூன் 5-ந் தேதியோ கேட்கவே வேண்டியதில்லை. கத்தரி முடிந்த சூடு மண்ணைவிட்டு நீங்கியிராது. நமது முன்னோர் இதை அறியாதவர்களல்லர். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசி முதலிலும் நட்டால் இரண்டரை மாத மழை கன்றை ஏந்திக்கொள்ளும்; வேர் கீழ்நோக்கி இறங்கும்; தை மாதத்தில் மழை ஓயும்போது கன்று தன் காலில் நிற்கும். ஆடிப் பட்டம் தேடி விதைப்பது உழவனின் அறிவு; ஐப்பசி பார்த்து நடுவது சென்னைத் தோட்டக்காரனின் அறிவு.

டில்லியின் பஞ்சாங்கத்தைக் கொண்டு மயிலாப்பூரில் மரம் நடுவது நியாயமா? சுயராஜ்யம் என்பது கொடியை மாற்றுவதுடன் முடிந்துவிடுவதன்று. தன் மண்ணின் மழையறிந்து தன் காரியத்தைத் தானே வகுத்துக்கொள்வதும் சுயராஜ்யமே. ஜூன் 5-ந் தேதியில் பிரசங்கம் செய்யட்டும், நாற்று எண்ணட்டும், குழி வெட்டி உரம் இட்டு ஆறப்போடட்டும். கன்றை மட்டும் மழைக்காக வைத்திருக்கட்டும். இதனால் சர்க்காருக்கு ஒரு காசு அதிகச் செலவில்லை. படம் எடுக்கும் தேதி ஒன்றே மாறும்.

மண்ணும் வேரும்

சென்னையின் பூங்காக்கள் யாவும் ஒரே மண்ணில் அமைந்தவையல்ல. தியாகராய நகர் 1920-களில் பழைய ஏரியொன்றைத் தூர்த்து உண்டாக்கப்பட்டது. பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் அந்நகரைச் சேர்ந்தவை. லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கும் இடமும் முன்பு குட்டையாயிருந்ததே. 'ஆந்திர பத்திரிகை'யை நடத்தித் தேசத்தொண்டு புரிந்த காசீநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு அவர்களின் பெயரை அது தாங்கி நிற்கிறது. பத்திரிகைத் தொழில் செய்தவருக்குச் சிலையைவிட நிழலே சிறந்த ஞாபகச் சின்னம் என்று அவ்வழியே போகும்போதெல்லாம் நமக்குத் தோன்றுவதுண்டு.

ஏரியும் குட்டையுமாயிருந்த நிலத்தில் களிமண் உண்டு. அது ஈரத்தைப் பற்றிக்கொள்ளும். ஆனால் பெருமழையில் நீர் வடியாமல் வேரை அழுகச் செய்யும். சாந்தோமும் பட்டினப்பாக்கமும் பெசன்ட் நகரும் மணற்பாங்கானவை. இங்கே வார்க்கும் நீர் சல்லடையில் வார்த்தது போலக் கீழே இறங்கிவிடும். வேர் வறட்சியால் தவிக்கும். அதனுடன் கடற்காற்று உப்பைத் தூவுகிறது. நிலத்தடி நன்னீரை அளவின்றி இறைத்த இடங்களில் உவர்நீர் ஏறிவருகிறது. ஆகவே பனகல் பூங்காவில் செழிக்கும் செடி சாந்தோமில் செழிக்கும் என்று எதிர்பார்ப்பது, ஒருவனுக்கு எழுதிய மருந்துச் சீட்டை மற்றொருவனுக்குக் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே ஜாபிதா, ஒரே வகைக் கன்றுகள், நகர் முழுவதற்கும் ஒரே முறை என்னும் ஏற்பாடு கணக்கெழுதுவதற்குச் சௌகரியமானது, செடிகளுக்குச் சௌகரியமானதன்று.

நீர் வார்ப்பதிலும் ஒரு தவறு நிலைத்துவிட்டது. பூங்கா என்றால் புல்தரை என்று நாம் ஆங்கிலேயரிடமிருந்து கற்றுக்கொண்டோம். அவர்கள் நாட்டில் புல் தானே முளைக்கும். இங்கே குழாய் வைத்து முளைக்க வைக்கிறோம். தினந்தோறும் புல்லுக்குத் தெளிக்கும் நீர் இரண்டு விரற்கடை ஆழத்திற்கே நனைகிறது. அருகிலுள்ள மரமும் அவ்வீரத்தை நாடித் தன் வேரை மேலாகவே பரப்புகிறது. பின்பு குழாய் நின்றதும் புல்லுக்கு முன்னே மரம் வாடுகிறது. புயல் வந்ததும் மேல்வேர் கொண்ட மரம் முதலில் விழுகிறது. தினமும் மேலே தெளிப்பதைவிட, வாரத்திற்கு ஒருமுறை ஆழ நனைப்பதே மரத்திற்கு நலம். கன்றின் அருகில் மெருகிடாத மண்பானையொன்றைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடி வைத்தால், நீர் சிறுகச் சிறுகக் கசிந்து வேருக்கே போய்ச் சேரும். வெயிலுக்கு வரி கட்ட வேண்டியதில்லை. இது வறண்ட தேசங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை, குயவருக்கும் பிழைப்பு.

சருகைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதிர்ந்த இலை மரம் தனக்குத்தானே விரித்துக்கொள்ளும் போர்வை. அது மண்ணின் சூட்டைத் தணிக்கிறது, ஈரத்தைக் காக்கிறது, மக்கி உரமாகிறது. நாம் காலைதோறும் அப்போர்வையைப் பெருக்கி வாரி வண்டியில் ஏற்றிக் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிட்டு, மாலையில் காசு கொடுத்து உரமூட்டை வாங்குகிறோம். நடைபாதையில் கிடக்கும் சருகைப் பெருக்கட்டும். மரத்தடியில் கிடப்பதை விட்டுவைக்கட்டும். தூய்மை வேறு, துடைத்தெடுத்த மொட்டைத் தரை வேறு.

இவை எல்லாவற்றினும் கொடியது சிமெண்டு. 'அபிவிருத்தி' என்ற பெயரால் பூங்காக்களில் நடைபாதையை அகலப்படுத்தும்போது, மரத்தின் அடி வரையில் கல் பாவி இறுக்கிவிடுகிறார்கள். வேருக்கு நீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேருக்கு மூச்சும் வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. மரத்தின் உண்ணும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே கிளையின் விரிவையும் தாண்டிப் பரவியிருக்கின்றன. அம்மண்ணைச் சிமெண்டால் மூடுவது கழுத்தை நெரிப்பதாகும். 2013-ம் ஆண்டில் டில்லி சம்பந்தமான வழக்கொன்றில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்காவது சிமெண்டு இல்லாதிருக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது பெரிய வரமன்று. மிகச் சிறிய பிச்சை. அப்பிச்சையையும் நமது வீதிகளில் எத்தனை மரங்கள் பெற்றிருக்கின்றன என்பதை நேயர்கள் தங்கள் தெருவில் இறங்கிப் பார்த்தே தீர்மானித்துக்கொள்ளலாம்.

எந்த மரம்?

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் சென்னையைத் தாக்கியது. மறுநாட் காலையில் வீதிகளில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வண்டலூர் மிருகக் காட்சிச்சாலை மரங்களை இழந்து வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. அழகுக்காகவும் விரைவில் வளர்வதற்காகவும் நட்ட மயிற்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி முதலியவை பெருவாரியாக வீழ்ந்தன. இவற்றுள் மயிற்கொன்றை மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. விரைந்து வளரும் மரத்தின் கட்டை மெத்தென்றிருக்கும். வீதியோரக் குழியில் அதன் வேரும் ஆழ இறங்குவதில்லை.

இக்கரைக்கு இயற்கையே வகுத்த வனம் ஒன்று உண்டு. வறண்ட பசுமைமாறாக் காடு என்று விஞ்ஞானிகள் அதை அழைக்கிறார்கள். ஆறு ஏழு மாத வறட்சியையும் இலை உதிர்க்காமல் தாங்கி, ஐப்பசி மழையில் தழைப்பது அதன் இயல்பு. தடித்த இலை, ஆழ்ந்த வேர், நிதானமான வளர்ச்சி ஆகியவை அதன் லட்சணங்கள். சென்னை நகரின் நடுவிலேயே கிண்டித் தேசியப் பூங்காவில் ஏறக்குறைய 270 ஹெக்டேரில் அவ்வனத்தின் மிச்சம் நிற்கிறது. பாலையும் வீரையும் நாவலும் அங்கே யாரும் குழாய் பிடிக்காமலே வாழ்கின்றன. இதைவிடச் சிறந்த பாடசாலை நகரசபைக்கு வேறெங்கே கிடைக்கும்?

நமது ஊர்ப் பெயர்களும் கோயில்களும் இதையே சொல்லுகின்றன. மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் ஸ்தல விருட்சம் புன்னை, திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலில் வன்னி, புரசைவாக்கத்தில் புரசு. நொச்சிக்குப்பம் தன் பெயரிலேயே ஒரு செடியை வைத்திருக்கிறது. நெய்தல் நிலத்திற்குப் புன்னையை உரியதாக்கிய சங்கச் சான்றோர் வெறும் அலங்காரத்திற்காக அதைச் செய்யவில்லை. உப்புக்காற்றையும் மணலையும் பெருங்காற்றையும் தாங்கி நிழல் தரும் மரம் எதுவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாந்தோம் கடற்கரையில் நடுவதற்குப் புன்னையும் பூவரசும் பனையும் இருக்க, அயல்நாட்டு அலங்காரப் பனையைத் தொட்டியில் வைத்து இறக்குவானேன்? பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்பதை நினைவூட்டவும் வேண்டுமோ?

இங்கே ஓர் எச்சரிக்கை. சுதேசியம் பேசும் நாம் மரங்களிடத்திலும் ஜாதி பார்க்கச் சொல்லுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். வந்தேறி மரங்களை வெட்டி எறிய வேண்டுமென்பது நமது கட்சியன்று. ஒரு நூற்றாண்டாக நம்மவருக்கு நிழல் தந்த தூங்குமூஞ்சி நம்முடையதே. வர்தாவில் வேம்பும் சாய்ந்தது, புங்கமும் சாய்ந்தது. கழுத்தைச் சிமெண்டில் இறுக்கி, ஒருபக்க வேரைக் கால்வாய்க்காக வெட்டி, மறுபக்க வேரை மின்கம்பிக் குழாய்க்காக வெட்டிய பிறகு, எந்த ஜாதி மரம் நிற்கும்? இருப்பதைக் காப்போம், இனி நடுவதை மண்ணுக்கேற்ப நடுவோம். இவ்வளவே நமது கோரிக்கை.

அடையாற்றில் பிரம்மஞான சங்கத் தோட்டத்திலுள்ள ஆலமரத்தின் கதை இதற்கு நல்ல உபமானம். பல நூற்றாண்டுகள் கண்ட அம்மரத்தின் நடு அடிமரம் 1989-ம் ஆண்டில் புயலில் வீழ்ந்தது. ஆயினும் மரம் சாகவில்லை. விழுதுகள் மண்ணில் ஊன்றித் தாமே அடிமரங்களாகி அதை இன்றும் தாங்குகின்றன. விழுது இறங்க அங்கே திறந்த மண் இருந்தது என்பதே ரகசியம். அதே ஆல் நமது வீதியில் நின்றிருந்தால், இறங்கும் விழுதுகளை நாம் 'இடைஞ்சல்' என்று வெட்டியிருப்போம்.

செய்தவர்கள் இருக்கிறார்கள்

குறை மட்டும் சொல்லிப் போவது பத்திரிகைக்கு அழகன்று. புதுச்சேரிக்கு அருகில் 1968-ம் ஆண்டில் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்தச் செம்மண் மேடு மழைநீர் அரித்த பொட்டலாயிருந்தது. அங்கே உழைத்தவர்கள் மரத்தை மாத்திரம் நம்பவில்லை. வரப்புக் கட்டி மழைநீரை நிலத்திலேயே நிறுத்தினார்கள். அதன் பிறகு இக்கரைக்குரிய மரங்களைத் தேடி விதை சேகரித்து நட்டார்கள். இன்று அது காடு. அவ்வநுபவத்தின் துணைகொண்டு சாந்தோமுக்குத் தெற்கே, அடையாற்றுக் கழிமுகத்தில், குப்பையும் இடிபாடுமாகக் கிடந்த 58 ஏக்கர் சீர்திருத்தப்பட்டு 2011-ம் ஆண்டு ஜனவரியில் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தொல்காப்பியப் பூங்கா என்பது அதுவே. கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையில் குப்பை கொட்டும் இடமாயிருந்ததை 'நிழல்' என்னும் தொண்டு நிறுவனத்தார் மரப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். விலையுயர்ந்த யந்திரமோ அந்நிய நிபுணரோ அங்கே காரணமல்ல. மண்ணையறிந்து நட்டதும், நட்ட பின்பும் வருஷக்கணக்கில் போய்ப் பார்த்ததுமே காரணம்.

வெளிநாட்டாரும் கஷ்டப்பட்டே கற்றார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரம் 1997 முதல் 2009 வரையில் நீண்ட வறட்சியில் சிக்கியது. நீர்க் கட்டுப்பாடு வந்ததும் பூங்காக்களுக்கு நீர் குறைக்கப்பட்டது. ஐரோப்பியர் ஒரு காலத்தில் தங்கள் தாய்நாட்டை நினைந்து வரிசை வரிசையாக நட்ட எல்ம் மரங்கள் வாடின. அந்நகரசபையார் 2012-ம் ஆண்டில் ஒரு திட்டம் வகுத்தார்கள். ஒரே வகை மரம் மொத்தத்தில் 100-க்கு 5-க்கு மேல் இருக்கலாகாது. 2040-க்குள் நகரின் பொது நிலத்தில் 100-க்கு 40 பங்கு மர நிழல் வேண்டும். வீதியில் ஓடும் மழைநீரைப் பிடித்துப் பூங்காவுக்குப் பாய்ச்ச வேண்டும். இவை அத்திட்டத்தின் வழிகள். தாய்நாட்டு மரத்தை அந்நிய மண்ணில் நட்டுப் பட்ட பாட்டிலிருந்து அவர்கள் பாடம் படித்தார்கள். நாமோ நமது மண்ணிலேயே நமது மரத்தை மறந்து நிற்கிறோம்.

நீருக்கு எங்கே போவது?

2003-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. வீட்டுக்காரனைக் கட்டாயப்படுத்திய சர்க்கார், பூங்காக்களையும் அதே கண்டிப்புடன் பார்க்க வேண்டும். நகரில் மழைநீரை ஏற்பதற்குப் பூங்காவைப்போல் தகுந்த இடம் வேறில்லை. வீதியின் மட்டத்தைவிடப் பூங்காவின் தரையை உயர்த்தி விளிம்புச் சுவர் கட்டுவதால், ஐப்பசி வெள்ளம் பூங்காவைச் சுற்றிக்கொண்டு சாக்கடையில் விழுந்து கடலுக்குப் போகிறது. தரையைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு மூலையில் சிறு குட்டை வெட்டினால், வீதியில் வெள்ளமும் குறையும். சித்திரையில் வேருக்கு ஈரமும் இருக்கும். நாகேஸ்வர ராவ் பூங்காவும் பனகல் பூங்காவும் ஒரு காலத்தில் எதுவாக இருந்தனவோ அதில் ஒரு சிறு பகுதியை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதே இது.

இரண்டாவது வழி, சுத்திகரித்த கழிவுநீர். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4½ கோடி லிட்டர் வீதம் கழிவுநீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019-ம் ஆண்டு முதல் ஏற்பட்டிருக்கின்றன. தொழிற்சாலைக்குக் குழாய் போட முடியுமானால் பூங்காவுக்கும் போட முடியும். குடிநீரைப் புல்லுக்கு வார்ப்பதும் பாவம். கோடையில் நீரில்லை என்று மரத்தைச் சாக விடுவதும் பாவம். இரண்டு பாவத்திற்கும் பரிகாரம் ஒன்றே.

இடத்திற்கே ஆபத்து

நீரும் மண்ணும் சரியாக இருந்தாலும், நிலமே போய்விட்டால் என் செய்வது? 1859-ம் ஆண்டில் சென்னைக் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெலியன் சென்ட்ரல் ஸ்டேஷன் அருகில் 116 ஏக்கர் பரப்பில் ஜனங்களுக்கென்று ஒரு பெரும் பூங்காவை அமைத்தார். 'பீப்பிள்ஸ் பார்க்' என்று அதற்குப் பெயர். அப்புறம் நடந்ததென்ன? மூர் மார்க்கெட் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது, 1913-ல் ரிப்பன் மாளிகை எழுந்தது, விளையாட்டு அரங்கம் வந்தது, ரயில்வே விரிந்தது. ஒவ்வொன்றும் பொது நன்மைக்கே வந்தது. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. எல்லா நியாயங்களையும் கூட்டிப் பார்த்தபோது பூங்கா இல்லை. நகரத்துப் பூங்காக்கள் பகையால் அழிவதில்லை; இப்படித் துண்டு துண்டாக நியாயத்தாலேயே அழிகின்றன.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லிக்குப் போகும் மெட்ரோ ரயில் பாதைக்காகப் பனகல் பூங்காவிலும் நிலமும் மரங்களும் போயின. ரயில் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வண்டிப் புகையைக் குறைப்பதற்கு அதுவும் வேண்டியதே. ஆனால் எடுத்த நிலத்தைத் திருப்பித் தரும்போது மேலே சிமெண்டும் தொட்டிச் செடியுமாகத் தருவதா, மரம் வேரூன்றக் கூடிய ஆழமுள்ள மண்ணாகத் தருவதா என்பதே கேள்வி. அதை இப்பொழுதே எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

சட்டம் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மகாராஷ்டிரம் 1975-ம் ஆண்டிலேயே நகர்ப்புற மரங்களைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. டில்லி 1994-ல் இயற்றியது. தமிழ்நாட்டில் மலைப் பிரதேசத்து மரங்களுக்கென்று 1955-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. நீலகிரியில் நிற்கும் மரத்திற்கு உள்ள பாதுகாப்பு, சாந்தோம் நெடுஞ்சாலையில் நிற்கும் மரத்திற்கும் வேண்டும். சட்டம் வந்துவிட்டால் மரம் பிழைத்துவிடும் என்பதில்லை. டில்லி அநுபவமே அதற்குச் சாட்சி. ஆனால் சட்டமில்லாத இடத்தில் வழக்குப் போடவும் வழியில்லை.

செய்ய வேண்டுவன

முடிவாக நாம் கோருவது இதுதான். நடும் விழா ஐப்பசிக்கு மாறட்டும். ஒவ்வொரு பூங்காவின் மண்ணையும் பார்த்து அதற்குரிய ஜாபிதா தயாராகட்டும். மரத்தடிகளில் ஒரு மீட்டர் மண் திறக்கப்படட்டும். சருகு அங்கேயே கிடக்கட்டும். புல்தரை குறைந்து நிழல் பெருகட்டும். எத்தனை கன்று நட்டார்கள் என்ற கணக்கை நகரசபை வெளியிடுவது போதாது. நட்டு மூன்று வருஷங்கள் கழித்து எத்தனை உயிரோடிருக்கின்றன என்ற கணக்கையும் வெளியிடட்டும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் அந்தக் கணக்கைப் பார்த்தே கொடுக்கப்படட்டும். இவ்வொரு விதியே மற்ற எல்லாவற்றையும் தானே நேராக்கிவிடும். பூங்காவில் உழைக்கும் தோட்டத் தொழிலாளருக்கு நிரந்தர வேலையும் உரிய கூலியும் கிடைக்கட்டும். ஒரு மரத்தைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்டவனுக்குத் தெரிவது, பத்து மாதத்திற்கு ஒருமுறை மாறும் ஆளுக்குத் தெரியுமா?

நேயர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மகாநாட்டுத் தீர்மானங்களாலும் சுவரொட்டிகளாலும் மரம் வளராது. உங்கள் வட்டத்தில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடித்துள்ள ஆணியையும் கட்டியுள்ள கம்பியையும் அகற்றச் செய்யுங்கள். அடியில் உள்ள சிமெண்டைப் பெயர்க்கும்படி எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை மீண்டும் எழுதுங்கள். பங்குனி முதல் ஆனி வரையில் வாரம் இரண்டு குடம் நீர் வாருங்கள். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றும் நாட்டில் இரண்டு குடம் நீர் பெரிதன்று.

நாம் சொன்ன அந்தக் குழி இப்பொழுதும் காலியாகவே இருக்கிறது. அம்முதியவர் புன்னங்கன்று ஒன்றைப் பையில் வளர்த்துப் பம்பு அறையின் நிழலில் வைத்திருக்கிறார். ஜூன் மாத விழாவுக்கு அதைக் கேட்டவர்களிடம் தர மறுத்துவிட்டாராம். ஐப்பசி வரட்டும் என்று காத்திருக்கிறார். அவ்விழாவுக்குப் பந்தல் இராது, படமும் இராது. நாம் மட்டும் போவதாக இருக்கிறோம்.